59 வெற்றி, ஒரு விருது, ஒரு வேலைநீக்கம்

ஜெயித்துக்கொண்டிருந்த கோச்சை அனுப்பிவிட்டுப் புதியவரைத் தேடியது டொரன்டோ. தலைமைப் பயிற்சியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு அதைவிடக் கடினமான பாடம் கூடைப்பந்து உலகில் அரிது.

2018 மே 9. என்பிஏ லீகின் பயிற்சியாளர்கள் தங்களுக்குள் வாக்களித்து, அந்தப் பருவத்தின் சிறந்த பயிற்சியாளராக டொரன்டோ ராப்டர்ஸ் அணியின் ட்வேன் கேசியைத் தேர்ந்தெடுத்தார்கள். மே 11. ராப்டர்ஸ் நிர்வாகம் கேசியை வேலையிலிருந்து நீக்கியது.

இரண்டு அறிவிப்புகளுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு நாள். என்பிஏ வழங்கும் அதிகாரபூர்வமான சிறந்த பயிற்சியாளர் விருதும் ஜூன் 25 அன்று கேசிக்கே போனது. அதற்குள் அவர் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். டொரன்டோவில் செய்த வேலைக்கான விருதை டெட்ராய்ட்காரராகப் போய் வாங்கினார்.

அவர் போட்டுக்கொடுத்த கணக்கைப் பாருங்கள். 2017-18 பருவத்தில் 59 வெற்றி, 23 தோல்வி. 1995இல் தொடங்கிய அந்த அணி அதுவரை ஒரு பருவத்தில் அவ்வளவு ஆட்டங்களை ஜெயித்ததில்லை. கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்ததும் அதுவே முதல் முறை. ஏழு பருவங்களில் 320 வெற்றி. கேசி வருவதற்கு முன் ராப்டர்ஸ் தன் வரலாறு முழுவதிலும் வென்றிருந்தது ஒரே ஒரு பிளே-ஆஃப் தொடரை, 2001இல். அப்படிப்பட்ட அணியைத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனவர் அவர்.

இப்படியொருவரை ஏன் அனுப்ப வேண்டும்? நகரமே கேட்டது. அந்த வேலைநீக்கம் கேசிக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்று நான் நம்புகிறேன். அணிக்கு அது சரியான முடிவு என்றும் நம்புகிறேன். இவை இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை என்பதுதான் இந்த வேலையின் கொடுமை.

பாறையை அடித்தவர்

2011இல் பொறுப்பேற்றதும் கேசி செய்த முதல் காரியங்களில் ஒன்று, சுமார் 590 கிலோ எடையுள்ள ஒரு பாறையைக் கொண்டுவந்து வீரர்களின் கண்ணில் படும்படி வைத்தது. கல்லுடைப்பவர் நூறு முறை அடித்தும் கல்லில் கீறல்கூட விழாமல் இருக்கலாம். நூற்றியோராவது அடியில் பிளக்கும். பிளந்தது அந்தக் கடைசி அடியால் மட்டும் அல்ல. இதுதான் அவர் வீரர்களுக்குச் சொல்ல விரும்பியது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம் பாட்டிகள் சொன்னதைத்தான் கென்டக்கியில் வளர்ந்த அந்த மனிதரும் சொன்னார்.

அதை அவர் வாழ்ந்தும் காட்டியவர். கல்லூரி நாட்களில், 1978இல், கென்டக்கி பல்கலைக்கழக அணியோடு தேசியப் பட்டம் வென்றார். பிறகு ஜப்பானுக்குப் போய் நிறுவன அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். மினசோட்டாவில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது, 20 வெற்றி 20 தோல்வி என்ற நிலையில் பாதிப் பருவத்திலேயே அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து டல்லஸ் போய் உதவிப் பயிற்சியாளராக உட்கார்ந்தார். 2011 இறுதித் தொடரில் லெப்ரான் ஜேம்ஸின் மயாமி அணியை டல்லஸ் வீழ்த்தியபோது, லெப்ரானைத் திணறடித்த, ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் சோன் டிஃபென்ஸுக்குப் பின்னால் இருந்தது கேசியின் மூளை. டொரன்டோ அவரை எடுத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அதே லெப்ரான்தான் டொரன்டோவில் அவர் கதையை முடித்தார்.

2016இல், லெப்ரான் அப்போது ஆடிய கிளீவ்லாந்து கவலியர்ஸ் அணியிடம் 4-2 என்று தோல்வி. 2017இல் 4-0. 2018இல் மறுபடியும் 4-0. பிளே-ஆஃபில் அந்த ஓர் அணியிடம் தொடர்ச்சியாகப் பத்துத் தோல்விகள். நகரத்தின் பெயரையே லெப்ரானின் பெயரோடு ஒட்டி 'லெப்ரான்டோ' என்று அமெரிக்க ரசிகர்கள் கேலி செய்யும் அளவுக்குப் போனது.

2018 தொடரின் மூன்றாவது ஆட்டத்தின் கடைசி எட்டு நொடிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். நான்காவது கால் பகுதி தொடங்கும்போது டொரன்டோ 14 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. அங்கிருந்து போராடி வந்து, ஓஜி அனுனோபி என்ற இருபது வயதுப் பையனின் மூன்று புள்ளி எறிவால் 103-103 என்று சமன் செய்துவிட்டது. நேரம் பாக்கி எட்டு நொடி. பந்து லெப்ரானிடம்தான் வரும் என்று அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வந்தது. தன் பக்கத்துக் கோட்டிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டே இடது ஓரமாக ஓடினார். டொரன்டோவின் இரண்டாவது ஆள் யாரும் குறுக்கே வந்து அவரைப் பந்தை விட வைக்கவில்லை. ஓட்டத்திலேயே ஒற்றைக் கையால் பலகையில் பட்டு விழுமாறு எறிந்தார். மணி அடித்தது. 105-103.

இதில் கேசியின் தவறு எவ்வளவு, வீரர்களின் தவறு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் இரண்டு வருடங்களாக ஒரே ஆளிடம் தோற்றுவிட்டு, மூன்றாவது வருடமும் அந்த ஆள் தனியாக ஓடிவரும்போது அணியிடம் பதில் இல்லை. அடுத்த ஆட்டத்தில் 128-93 என்ற படுதோல்வி. ராப்டர்ஸ் நிர்வாகத்தின் தலைவர் மசாய் உஜிரி முடிவெடுத்தது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வியை மாற்றியவர்

நைஜீரியாவின் சாரியா நகரில் வளர்ந்து, ஆப்பிரிக்காவில் இளம் வீரர்களைத் தேடும் ஸ்கவுட்டாக இந்தத் தொழிலுக்குள் வந்தவர் உஜிரி. 2013இல் டொரன்டோவுக்கு வந்தபோது கேசி ஏற்கெனவே அங்கே இருந்தார். புதிய நிர்வாகி வந்தால் பழைய கோச்சை மாற்றுவது சகஜம்; உஜிரி மாற்றவில்லை. ஐந்து ஆண்டுகள் கூடவே நடந்தார். அதற்கு முன் அவர் இருந்த டென்வர் அணியில் நடந்ததும் நினைவுகூரத்தக்கது. 2013இல் 57 ஆட்டங்களை வென்று சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கிய ஜார்ஜ் கார்ல், முதல் சுற்றில் தோற்றதும் வேலை இழந்தார். உஜிரி டொரன்டோவுக்குக் கிளம்பிய சில நாட்களுக்குள் அது நடந்தது.

கோச் தேடும் அணிகள் வழக்கமாக ஒரு பட்டியலோடு உட்காரும்: கிடைக்கக்கூடியவர்களில் யார் அதிகம் ஜெயித்தவர், யாருக்குப் பெயர் அதிகம், யாரை நட்சத்திர வீரருக்குப் பிடிக்கும். அந்தப் பட்டியலில் டொரன்டோவுக்குக் கிடைத்திருக்கக்கூடிய முதல் பெயர், அவர்கள் அப்போதுதான் அனுப்பிய கேசியுடையது. ஆகவே அங்கே கேட்கப்பட்ட கேள்வி வேறாகத்தான் இருந்திருக்க வேண்டும். நாம் எதனிடம் தோற்றுக்கொண்டிருக்கிறோம்? 82 ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவத்தில் இந்த அணி பிரமாதமாக ஆடுகிறது. ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் வரை மோதும் பிளே-ஆஃபில், எதிரணி நம் ஆட்டத்தைப் படித்துப் பூட்டுப் போட்ட பிறகு, இரண்டாவது சாவி இல்லை. அப்படியானால் தேவை, ஆட்டத்துக்கு ஆட்டம் திட்டத்தைத் தூக்கி எறியத் தயங்காத ஒருவர்.

இந்த வகை நேர்காணல்கள் பல சுற்றுகளாக நீளும். உங்கள் உதவியாளர்கள் யார் யார், கடைசி நொடி ஆட்டத்தை எப்படி வரைவீர்கள், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் நட்சத்திரத்தை எப்படிப் பெஞ்சில் உட்கார வைப்பீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். டொரன்டோவின் பரிசீலனையில் இருந்த பெயர்கள் சாதாரணமானவை அல்ல. அட்லான்டாவில் 60 வெற்றிப் பருவம் கண்ட மைக் பூடன்ஹோல்சர். நான்கு முறை யூரோலீக் வென்ற இத்தாலியப் பயிற்சியாளர் எட்டோரே மெஸ்ஸினா. வீரராக நான்கு யூரோலீக் பட்டம் வென்றுவிட்டு, லிதுவேனியாவின் சல்கிரிஸ் அணியை ஐரோப்பாவின் கடைசி நான்கு வரை கொண்டுவந்திருந்த சாருனாஸ் யாசிகேவிசியஸ். ராப்டர்ஸின் துணை அணியான ராப்டர்ஸ் 905க்குப் பட்டம் வாங்கிக்கொடுத்த ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸ்.

பூடன்ஹோல்சர் சில நாட்களிலேயே மில்வாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அந்தப் பெயரை மறந்துவிட வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து, ஜூன் மத்தியில், டொரன்டோ அறிவித்த பெயர் நிக் நர்ஸ். ஐந்து ஆண்டுகளாக கேசியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உதவிப் பயிற்சியாளர். என்பிஏவில் தலைமைப் பொறுப்பு ஒருநாளும் வகிக்காதவர். தோற்ற அணியின் பெஞ்சிலிருந்தே ஆளை எடுப்பதற்கு, இருந்தவரை ஏன் நீக்க வேண்டும் என்ற முணுமுணுப்பு எழுந்தது. நியாயமான கேள்விதான்.

பதில் நர்ஸின் பழைய வாழ்க்கையில் இருந்தது. அயோவா மாநிலத்தின் கேரல் என்ற சிற்றூரில் பிறந்தவர். 23 வயதிலேயே ஒரு சிறிய கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர். பிறகு பத்தாண்டுக்கும் மேலாக, கால்பந்தும் ரக்பியும் ஆளும் பிரிட்டனில், கூடைப்பந்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஊர்களில் வேலை பார்த்தார். பர்மிங்ஹாம், மான்செஸ்டர், லண்டன், பிரைட்டன். 1996இல் பர்மிங்ஹாமுக்கும் 2000இல் மான்செஸ்டருக்கும் பட்டம் வாங்கிக்கொடுத்தார். பிரைட்டனில் அணியின் பங்குதாரரும் அவரே. பிறகு அமெரிக்கா திரும்பி, என்பிஏவின் கீழ்நிலை லீகில் அயோவா எனர்ஜிக்கு 2011இலும் டெக்சாஸின் ரியோ கிராண்ட் வேலி வைப்பர்ஸுக்கு 2013இலும் பட்டம். அந்த லீகில் இரண்டு வெவ்வேறு அணிகளைச் சாம்பியனாக்கிய முதல் பயிற்சியாளர் அவர்.

கீழ்நிலை லீக் பயிற்சியாளரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நல்லபடி ஆடும் வீரனை மேல் அணி எந்த நிமிடமும் அழைத்துக்கொள்ளும். நேற்றிருந்த ஐந்து பேர் இன்று இருக்க மாட்டார்கள். இருப்பவர்களை வைத்து அன்றைக்கு அன்று ஒரு திட்டம் போட்டாக வேண்டும். அங்கே பல வருடம் ஓட்டியவருக்குத் திட்டத்தை மாற்றுவது பழகிப்போன வேலை. 2017இல் கிளீவ்லாந்திடம் 4-0 என்று தோற்ற பிறகு, பந்தை அதிகம் பகிர்ந்து, மூன்று புள்ளி எறிவுகளைக் கூட்டி, ராப்டர்ஸின் தாக்குதல் ஆட்டத்தை மாற்றி அமைத்ததிலும் அவர் பங்கு பெரியது. ஆக, கேசியின் 59 வெற்றிகளில் நர்ஸின் கைவேலையும் இருந்தது.

நான்கு முறை துள்ளிய பந்து

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 2018 ஜூலை 18 அன்று உஜிரி இன்னொரு இடியை இறக்கினார். ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய டெமார் டிரோசனை சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து, கவாய் லெனார்டையும் டேனி கிரீனையும் வாங்கினார். லெனார்ட் அந்தக் காலத்தில் உலகின் முதல் ஐந்து வீரர்களில் ஒருவர். லெப்ரானும் அதே கோடையில் கிழக்குப் பிரிவை விட்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார். கேசியிடம் லெனார்டைக் கொடுத்து, எதிரே லெப்ரானையும் எடுத்துவிட்டிருந்தால்? கேசியின் நண்பர்கள் இன்றும் கேட்கலாம். கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

2019 மே 12, பிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம். ஸ்கோர் 90-90. மூலையிலிருந்து லெனார்ட் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது. வெளியே விழுந்து, ஓவர்டைமில் டொரன்டோ தோற்றிருந்தால், 59 வெற்றிக் கோச்சை நீக்கி அனுபவமில்லாதவரை எடுத்த உஜிரியின் முடிவைப் பற்றிப் பத்திரிகைகள் என்ன எழுதியிருக்கும் என்பது ஊகிக்கக்கூடியதே. கோச் தேர்வு சரியா தவறா என்று தீர்ப்பு எழுதுவோர் அந்த நான்கு துள்ளல்களையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

அதிர்ஷ்டத்தைக் கழித்த பிறகும் மிஞ்சுவது நர்ஸின் பங்கு. அடுத்த சுற்றில் எதிரே வந்தது மில்வாக்கி, பெஞ்சில் பூடன்ஹோல்சர். ஒரு வருடம் முன்பு டொரன்டோ பேசிப் பார்த்த அதே மனிதர். முதல் இரண்டு ஆட்டமும் மில்வாக்கிக்கு. கேசி காலத்து டொரன்டோ என்றால் ரசிகர்கள் அங்கேயே மனம் உடைந்திருப்பார்கள். மூன்றாவது ஆட்டத்தில் நர்ஸ், மில்வாக்கியின் அசுர பலமான யானிஸ் அன்டெட்டோகவும்போவைத் தடுக்கும் பிரதானப் பொறுப்பை லெனார்டிடம் கொடுத்தார். தாக்குதலிலும் பெரும் பாரம் சுமக்கும் வீரனுக்கு இந்த வேலையையும் கொடுப்பது ஆபத்து. இரண்டு ஓவர்டைம் போன அந்த ஆட்டத்தை டொரன்டோ 118-112 என்று வென்றது. அதன் பிறகு ஓர் ஆட்டத்தையும் விடவில்லை. 4-2.

இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். இரண்டாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் டொரன்டோ 12 புள்ளிகள் பின்னால். கெவின் டுரான்ட் ஏற்கெனவே காயத்தில் வெளியே. கிளே தாம்ப்சனும் காயம் பட்டு வெளியேறிவிட, எதிரணியில் தூரத்திலிருந்து பயமுறுத்தி எறியக்கூடியவர் ஸ்டெஃபன் கரி ஒருவரே. நர்ஸ் அப்போது 'பாக்ஸ் அண்ட் ஒன்' என்ற முறையைக் கையில் எடுத்தார். நான்கு பேர் கூடைக்கு முன்னே சதுரமாக இடம் பிடித்து நிற்பார்கள். ஐந்தாமவர் ஒருவரை மட்டும் நிழல்போல ஒட்டிக்கொள்வார். ஃப்ரெட் வான்வ்லீட் கரியை ஒட்டிக்கொண்டார். பள்ளிக்கூட ஆட்டங்களில் ஒரே ஒரு நல்ல ஆட்டக்காரன் உள்ள அணிக்கு எதிராகப் பயன்படுத்தும் முறை அது. என்பிஏ இறுதித் தொடரில் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. வாரியர்ஸ் நிமிடக்கணக்கில் ஒரு புள்ளிகூட எடுக்க முடியாமல் நின்றது. 12 புள்ளி வித்தியாசம் இரண்டாகக் கரைந்தது. ஆட்டத்தை டொரன்டோ 109-104 என்று தோற்றது. ஆனாலும் தோற்ற அந்த ஆட்டத்தில்தான், ஒரு வருடம் முன்பு உஜிரி எதைத் தேடினார் என்பது எனக்கு முழுதாக விளங்கியது. லெப்ரான் ஓடி வந்த அந்த எட்டு நொடியில் இல்லாத இரண்டாவது சாவி இங்கே இருந்தது.

நர்ஸும் தவறியவர்தான். ஐந்தாவது ஆட்டம், சொந்த மண்ணில், ஜெயித்தால் கோப்பை. மூன்று நிமிடம் ஐந்து நொடி பாக்கி. லெனார்ட் அடுத்தடுத்துப் பத்துப் புள்ளிகள் எடுத்து 103-97 என்று முன்னிலை. அரங்கம் அதிர்கிறது. அந்த நேரத்தில் நர்ஸ் டைம்-அவுட் கேட்டார். மூன்று நிமிடத்துக்குக் கீழே போனால் பயன்படுத்தாத டைம்-அவுட் வீணாகிவிடும், வீரர்களுக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டும் என்பது அவர் விளக்கம். வேகம் அங்கேயே அறுந்தது. தாம்ப்சனும் கரியும் மூன்று புள்ளிகளாக எறிந்து தள்ள, 106-105 என்று தோல்வி. ஜூன் 13 அன்று ஓக்லாண்டில் 114-110 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றாமல் இருந்திருந்தால், அந்த டைம்-அவுட் நர்ஸின் ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்திருக்கும்.

கனடாவுக்குக் கிடைத்த முதல் என்பிஏ பட்டம் அது. ஜூன் 17 அன்று ஊர்வலம் போனபோது டொரன்டோ தெருக்கள் கொள்ளவில்லை. ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ராப்டர்ஸ் சொந்த ஊர் அணி. அந்த வெற்றி அவர்களுடையதும்தான்.

கேசிக்கு என்ன ஆயிற்று? 2018 நவம்பர் 14 அன்று டெட்ராய்ட் அணியோடு டொரன்டோ திரும்பினார். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 19 புள்ளிகள் பின்தங்கிய டெட்ராய்ட் மெல்ல மெல்ல ஏறி வந்தது. ஸ்கோர் சமம். கேசி டைம்-அவுட் எடுத்து வரைந்துகொடுத்த ஆட்டத்தில், மணி அடிக்கும் தறுவாயில் ரெஜி புல்லக் பந்தைக் கூடைக்குள் போட்டார். 106-104. கடைசி நொடிக்கு வழி தெரியாதவர் என்று அவர் மேல் சொல்லப்பட்ட குறைக்கு அதைவிடத் தெளிவான பதில் வேண்டாம். சாம்பியனாகப் போகும் அந்த ராப்டர்ஸை அந்தப் பருவத்தில் சந்தித்த மூன்று முறையும் கேசியின் அணி வென்றது. அவர் நல்ல கோச் இல்லை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நர்ஸ் 2020இல் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கினார். 2023 ஏப்ரல் 21 அன்று அவரையும் டொரன்டோ நீக்கியது. அந்தப் பருவத்தில் 41 வெற்றி, 41 தோல்வி. லெனார்ட் எப்போதோ போயிருந்தார். இளம் வீரர்களைப் பொறுமையாக வளர்த்தெடுக்க வேண்டிய காலம் வந்தபோது, முன்பு தேவைப்பட்ட அதே துணிச்சல்காரர் பொருந்தாமல் போனார். செர்பியாவின் டார்கோ ராயாகோவிச் வந்தார். நர்ஸ் பிலடெல்ஃபியாவுக்குப் போனார்.

கேசி 2023இல் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகி டெட்ராய்ட் நிர்வாகத்துக்குள் போனதும், அந்த அணி செய்த தேர்வை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டின் சிறந்த பயிற்சியாளரான மான்டி வில்லியம்ஸை, ஆறு ஆண்டுகளுக்கு 7 கோடியே 85 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். என்பிஏ கோச் ஒருவருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அணியோ பக்குவப்படாத பையன்கள் நிறைந்தது. தொடர்ந்து 28 தோல்வி. பருவ முடிவில் 14 வெற்றி, 68 தோல்வி. ஒரே பருவத்தில் வில்லியம்ஸ் வெளியே. பெயரையும் தொகையையும் பார்த்து எடுத்தார்கள், அந்தப் பையன்களுக்கு என்ன குறை என்று பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

2024இல் டெட்ராய்ட் எடுத்தது ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபை. கிளீவ்லாந்து 48 ஆட்டங்களை வென்று, ஒரு பிளே-ஆஃப் சுற்றும் ஜெயித்த பிறகு, நீக்கி அனுப்பியவர் அவர். கேசிக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்தது. முதல் பருவத்திலேயே 14 வெற்றியை 44 ஆக்கினார். கிளீவ்லாந்தும் அழியவில்லை, அவர் இடத்துக்கு வந்த கென்னி அட்கின்சன், ஏறக்குறைய அதே வீரர்களை வைத்து 64 ஆட்டங்களை வென்று சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கினார். ஒரே வேலைநீக்கத்தில் இரண்டு அணிகளும் பிழைத்தன. பிக்கர்ஸ்டாஃப் கெட்ட கோச் என்றோ அட்கின்சன் அவரைவிட மேதை என்றோ இதற்கு அர்த்தம் கிடையாது. ஒருவரிடம் பாடம் படித்து முடித்த வீரர்கள் ஒரு பக்கம், பாடம் தேவைப்பட்ட பையன்கள் இன்னொரு பக்கம்.

அந்த 64 வெற்றி கிளீவ்லாந்து, 2025 பிளே-ஆஃபின் இரண்டாம் சுற்றில் இண்டியானாவிடம் 4-1 என்று தோற்றது. அட்கின்சனை யாரும் நீக்கவில்லை.